காந்தத் துடிப்புக்கு முதலில் பதில் சொல்வது ஆக்சான்

வணக்கம் நண்பர்களே. தலைக்கு மேல் ஒரு காயிலை (கம்பிச் சுருளை) வைத்துக் காந்தத் துடிப்பைச் செலுத்தும்போது, ஒரு நியூரான் (நரம்புச் செல்) தூண்டப்படுவதும் அதன் பக்கத்தில் உள்ள இன்னொன்று சும்மா இருப்பதும் ஏன் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் இந்த முறையில் மனித மூளையைத் தூண்டிக் கைத்தசையைத் துடிக்கச் செய்தார்கள். சுமார் 2 டெஸ்லா வரை எழுந்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காமல் அடங்கும் காந்தப்புலம், மூளைத் திசுவில் ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது. நியூரானைத் தூண்டுவது அந்த மின்புலமே.

அவ்வளவு குறுகிய நேரத்தில் நியூரானின் உடற்பகுதி போதுமான அளவு மின்னேற்றம் பெறுவதில்லை, ஏனெனில் அதன் சவ்வு மெதுவாகவே ஏற்றம் கொள்ளும். அந்த உடற்பகுதியிலிருந்து நீண்டு செய்தியைக் கடத்தும் இழையான ஆக்சானோ மிக விரைவாக ஏற்றம் பெறும். அதிலும், மின்புலத்தின் திசையில் நேராக ஓடும் பகுதியைவிட, ஆக்சான் வளையும் இடமும் முடியும் நுனியுமே எளிதில் தூண்டப்படுகின்றன. தடித்த, மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய ஆக்சானுக்குக் குறைந்த வலிமையே போதும். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணினி மாதிரியில், மூளையின் வெளிப்படலமான புறணியின் ஐந்தாம் அடுக்கிலுள்ள பிரமிடு வடிவ நியூரான்களே மிகக் குறைந்த வலிமையில் தூண்டப்பட்டன.

மின்புலத் திசையின் தாக்கத்தை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டு வடிவக் காயிலின் கைப்பிடியைத் தலையின் நடுக்கோட்டுக்கு 45 பாகை சாய்வாகப் பின்னோக்கிப் பிடித்தால் எதிர்ப்பக்கக் கையின் விரல் துள்ளும்; இடத்தையும் வலிமையையும் மாற்றாமல் காயிலை மட்டும் திருப்பினால் அந்தத் துள்ளல் சுருங்கிவிடும். விரலை லேசாக இறுக்கிக்கொண்டாலோ, நியூரான்கள் ஏற்கெனவே விழிப்புடன் இருப்பதால், இன்னும் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது.

மருந்துகள் தரும் சான்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்சான் சவ்வில் உள்ள சோடியம் வாயில்களை அடைக்கும் வலிப்பு மருந்தான கார்பமாசெபின், தூண்டல் வரம்பை, அதாவது தூண்டத் தேவைப்படும் மிகக் குறைந்த வலிமையை, உயர்த்துகிறது. நியூரான்களுக்கு இடையே அடக்கும் செய்தியைக் கொண்டுசெல்லும் காபா என்னும் வேதிப்பொருள் வழியே செயல்படும் பதற்றத் தணிப்பு மருந்தான லோரசெபம் பொதுவாக அதை மாற்றுவதில்லை. ஆகவே, அந்த வரம்பைப் பெரிதும் தீர்மானிப்பது ஆக்சான் சவ்வின் இயல்பே என்று கொள்ளலாம்.

மனச்சோர்வுக்கான சிகிச்சையில், கைவிரலை அசைக்கத் தேவைப்படும் வலிமையில் 120 சதவீதத்தை நெற்றிப்புறப் புறணிக்குச் செலுத்துவது வழக்கம். மடிப்பும் ஆக்சான்களின் போக்கும் வேறாக உள்ள ஓரிடத்துக்கு, விரலை வைத்து அளவு குறிப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு நோயாளியின் எம்ஆர்ஐ படத்தையும் கொண்டு அங்கு உண்டாகும் மின்புலத்தைக் கணக்கிட்டு அளவைத் தீர்மானிப்பதே முறை என்று கருதுகிறேன்.