செட்டிநாடு என்று தேடினால் கோழிக்குழம்புதான் வருமா?

[திரை: போனில் கூகுள் தேடல் பெட்டி. "செட்டிநாடு வீட்டுத் தரை" என்று எழுத்து விழுகிறது.]

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன்.

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, வளவுத் தரையில பத்துப் பதினஞ்சு கல்லு பேந்துபோச்சு. ஆத்தங்குடிக் கல்லு எப்படிப் பதிக்கிறதுன்னு நெட்ல தேடுனா கோழிக்குழம்பு வருதுப்பா!"

வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி. ஆத்தங்குடிக் கல் என்றால் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்க்கிற வண்ணத் தரைக்கல். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செட்டிநாடு என்றாலே கூகுள் நம்மை நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போய்விடும். சிக்கன், மசாலா, சிமென்ட் எல்லாம் தாண்டித்தான் வீடு கண்ணில் படும்.

[திரை: அதே பெட்டி. கடைசியில் ஒரு கழித்தல் குறி சேர்கிறது.]

வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். குறிக்கு முன்னால் இடைவெளி இருக்க வேண்டும், பின்னால் இருக்கக் கூடாது. "செட்டிநாடு தரை -சிக்கன் -மசாலா" என்று அடித்தால் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் ஒதுங்கிவிடும். தமிழில் சிக்கனைக் கழித்தால் ஆங்கில எழுத்தில் இருக்கிற சிக்கன் அப்படியே நிற்கும், அதையும் தனியாகக் கழிக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் "-ஹோட்டல்" என்றும் போட்டுவிடாதீர்கள். பழைய வீடுகள் பல இப்போது ஹோட்டலாகியிருக்கின்றன. தரையின் நல்ல படங்கள் அவற்றின் பக்கங்களில்தான் கிடக்கும்.

சரி, நான் தினமும் பயன்படுத்துவது இன்னொன்று. தேடலை ஒரே ஒரு தளத்துக்குள் அடைத்துவிடுவது.

[திரை: எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகத் தெரிகின்றன.]

ஆங்கிலச் சின்ன எழுத்தில் எஸ், ஐ, டி, ஈ. உடனே முக்காற்புள்ளி, அதாவது மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. அதை ஒட்டித் தளத்தின் முகவரி. அப்புறம் ஓர் இடைவெளி விட்டு, தேட வேண்டிய சொல். இரண்டு புள்ளிக்கும் முகவரிக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் வேலை கெட்டது. சில போன் கீபோர்டுகள் தாமாகவே அங்கே இடைவெளி விட்டுவிடும். நான் ஒருநாள் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். "செட்டிநாட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது" என்று வாட்ஸாப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். உண்மையா என்று யுனெஸ்கோவிடமே கேட்டுவிடலாம். எஸ் ஐ டி ஈ, இரண்டு புள்ளி, டபிள்யூ ஹெச் சி டாட் யுனெஸ்கோ டாட் ஆர்க், இடைவெளி, ஆங்கிலத்தில் செட்டிநாடு. அது ஆங்கிலத் தளம், தமிழில் அடித்துப் பயனில்லை.

[திரை: தேடல் முடிவுகள். ஒரு வரியைச் சுற்றி வட்டம்.]

பாருங்கள், தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள் என்ற பொருளில் ஒரு தலைப்பு. திறந்தால் ஆண்டு 2014. ஆனால் பட்டியலின் பெயரைக் கவனியுங்கள், அது தற்காலிகப் பட்டியல். இந்தியா வருங்காலத்தில் முன்மொழிய நினைக்கும் இடங்களின் வரிசை அது. வரிசையில் நிற்பது வேறு, உள்ளே போவது வேறு. ஒரே தேடலில் வாட்ஸாப் மாமாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது மேற்கோள் குறி. இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத்தான் கேட்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு இது அருமையான வசதி. தமிழுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "ஆத்தங்குடிக் கல்" என்று ஒற்றுப் போட்டுத் தேடினால், ஒற்றில்லாமல் "ஆத்தங்குடி கல்" என்று எழுதியவர்கள் தவறிப்போகலாம். இணையத்தில் க், ச், த், ப் போட்டு எழுதுபவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்! போதாக்குறைக்கு வேற்றுமை உருபு வேறு. "கல்லை", "கல்லில்" எல்லாம் கூகுளுக்கு வேறு வேறு எழுத்துக்கோவை. அதனால் இரண்டு மூன்று வடிவங்களை மேற்கோளில் போட்டு, நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஓ, ஆர் என்று சேருங்கள். சின்ன எழுத்தில் போட்டால் அதைச் சாதாரணச் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

காலத்தையும் வெட்டலாம். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் பெரும்பாலும் அதே செய்தியைத்தான் திருப்பிச் சொல்கின்றன. நெசவைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் பிஃபோர், இரண்டு புள்ளி, 2019 என்று சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டுக்கு முந்தையவை மேலே வரும். பக்கத்தின் தேதியைக் கூகுள் சில நேரம் தப்பாகக் கணிக்கும், அது தனிக் கதை.

பிடிஎஃப் மட்டும் வேண்டுமென்றால் ஃபைல், டைப் இரண்டு சொல்லையும் ஒட்டி எழுதி, இரண்டு புள்ளி, பிடிஎஃப்.

[திரை: ஓர் அரசாணை. தமிழ் வரிகளை நகலெடுத்து ஒட்டியதும் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக விழுகிறது.]

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. பழைய அரசு பிடிஎஃப் பல யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதே 2010-இல்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது கிறுக்கல். வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் இன்னும் மோசம். அரசாணையின் எண்ணையும் ஆண்டையும் இலக்கத்தில் போட்டு, துறையின் பெயரை ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். பல தடவை எனக்குக் கைகொடுத்த வழி அது. பட்டா, வில்லங்கம் மாதிரி படிவம் நிரப்பினால்தான் வருகிற விவரங்கள் எந்தக் குறி போட்டாலும் வராது. அங்கே நேராக அந்தத் தளத்துக்குள் போக வேண்டியதுதான்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றிக் கல் வார்க்கிற வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டாராம். அப்புறம் பேந்த கல்லில் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆத்தங்குடிக்கே பஸ் ஏறிவிட்டார். "அளவு சரியா இருக்கணும்ல தம்பி, அதைப் போயி நெட்லயா கேக்குறது?"