முத்திரை குத்தியவரின் கதை

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செர்பியாவின் போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச் கூடைப்பந்து ஆடினார், பயிற்சி கொடுத்தார், பிறகு உலகக் கூட்டமைப்பான ஃபிபாவை நடத்தினார். மூன்றில் எது பெரிது? நிர்வாகம்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "அவர் மாட்டு டாக்டர் ஐயா! முதலில் இறைச்சிக்கு முத்திரை குத்தினார், பிறகு காகிதத்துக்குக் குத்தினார், இதுவா சாதனை?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி தம்பி, அந்த முத்திரையைப் பற்றியே பேசுவோம். கால்நடை மருத்துவம் படித்தவர் அவர், பெல்கிரேடில் இறைச்சி ஆய்வாளராக வேலை பார்த்தார். அது என்ன லேசான வேலையா? கொக்கியில் தொங்குவதைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், ஈரலைப் புரட்டிப் பார்க்க வேண்டும், முகர வேண்டும். கெட்டது என்று தெரிந்தால், கொண்டுவந்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முத்திரை கிடையாது.

அந்தக் கண்ணோடுதான் 1974ல் அமெரிக்கா போனார். அங்கே சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களை நேரில் பார்த்தார். உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், ஆனால் ஒலிம்பிக்குக்கு வர முடியாது, சம்பளம் வாங்குகிறார்களாம்! அப்படியானால் சோவியத் வீரர்கள்? பலர் ஏட்டில் ராணுவத்தார், நாள் முழுக்கக் கையில் பந்து. ஐரோப்பிய கிளப்புகளிலும் காசு கைமாறிக்கொண்டுதான் இருந்தது. மேலே தோல் பளபளக்கிறது, உள்ளே நாறுகிறது. அந்த விதிக்குத்தான் தம்பி, அவர் முத்திரை குத்த மறுத்தார்.

மறுத்ததும் விதி மாறிவிட்டதா? 1976ல் ஃபிபாவின் பொதுச் செயலாளர் ஆனவர், 1989 ஏப்ரல் வரை காத்திருந்தார். சம்பளம் வாங்குகிறவர்களையும் ஒலிம்பிக்கில் ஆட விடலாமா என்று மியூனிக்கில் வாக்கெடுப்பு, ஆதரவு 56, எதிர்ப்பு 13. எதிர்த்தவர்களில் சோவியத்தும் உண்டு, அமெரிக்காவும் உண்டு! யாருடைய பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்தாரோ அவர்களே வேண்டாம் என்றார்கள், அப்படியும் திறந்தார்.

பயிற்சியாளராக ஓ.கே.கே. பெல்கிரேடு என்ற கிளப்புக்கு நான்கு யூகோஸ்லாவியப் பட்டங்கள், 1968ல் இத்தாலியின் கான்டு அணிக்கு இத்தாலியப் பட்டம். கும்பிடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் 1992ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் என்.பி.ஏ. நட்சத்திரங்களான ஜோர்டானும் மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் ஒரே சட்டையில் இறங்கி, அங்கோலாவை 116-48 என்று வென்றதை உலகமே பார்த்ததே, அது எந்தப் பயிற்சியாளர் கொடுத்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும் ஐயா. 1950ல் புவெனஸ் அயர்ஸில் நடந்த முதல் உலகப் போட்டியில் யூகோஸ்லாவியா பத்து அணிகளில் பத்தாவது. அந்தத் தோற்ற அணியில் இவரும் ஆடினார். நாற்பது வருடம் கழித்து, 1990ல், அதே ஊரில் யூகோஸ்லாவியா உலக சாம்பியன். அடுத்து பார்சிலோனாதான் என்று இருந்த நேரத்தில் நாடு உடைந்தது, போர் வந்தது, 1992 மே மாதம் யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை போட்டது, அதன் அணி பார்சிலோனாவுக்கு வர முடியவில்லை. இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிரே, யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குரோவேஷியா. பெத்ரோவிச்சும் குகோச்சும் அந்தப் பக்கம் ஆடுகிறார்கள். இரண்டே வருடத்துக்கு முன் அவர்களோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கிய செர்பியர் திவாச் அங்கே இல்லை. உலகத்துக்கே கதவைத் திறந்துவிட்டவருக்கு அப்போது வயது 67. அவர் ஊர்ப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. உட்காருகிறேன்.