ஆறு வாரம் முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்ச மலை: ஏவியேஷன்ல எஸ்எம்எஸ் எப்படி ஓடுது

[காட்சி: மேகம் மூடின மலை, அதுக்கு அந்தப் பக்கம் தூரத்துல ரன்வே லைட்டு]

1974 டிசம்பர் 1. அமெரிக்காவுல டிடபிள்யூஏங்குற ஏர்லைனோட 514ங்குற போயிங் 727 விமானம் வாஷிங்டன் நேஷனல் ஏர்போர்ட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, அங்க காத்து பலமா இருந்ததால அதே வாஷிங்டனுக்கான இன்னொரு ஏர்போர்ட்டான டல்லஸுக்கு (Dulles) திருப்பி விட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு இன்னும் 44 மைல் இருக்கும்போதே கண்ட்ரோலர் அப்ரோச் கிளியரன்ஸ், அதாவது தரையிறங்க வரலாம்ங்குற அனுமதி, குடுத்துட்டார். கிளியரன்ஸ் வந்தாச்சு, அப்போ 1,800 அடி வரைக்கும் இறங்கலாம்னு பைலட்டுங்க எடுத்துக்கிட்டாங்க. பைலட்டுங்க வச்சிருக்குற சார்ட்ல அந்த இடத்துக்குக் குறைஞ்சபட்ச உயரம் 3,400 அடின்னு போட்டிருந்துச்சு, கேப்டன் அதைப் பார்க்கவும் செஞ்சார், ஆனா கண்ட்ரோலர் விட்டுட்டார்னா கீழ ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்னு நம்பிட்டாங்க. கண்ட்ரோலர் பக்கமோ உயரத்தைப் பார்த்துக்கிறது பைலட்டோட வேலைன்னு நினைச்சிருந்தாங்க. மலையில மோதி விமானத்துல இருந்த 92 பேருமே இறந்துட்டாங்க.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுப் போனது இதுக்கு அடுத்த பக்கத்துலதான். ஆறு வாரத்துக்கு முன்னாடி அதே இடத்துல, அதே மாதிரி கிளியரன்ஸை அதே மாதிரி தப்பா புரிஞ்சுக்கிட்டு, யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு மயிரிழையில தப்பிச்சிருக்கு. அந்த பைலட்டுங்க மறைக்கல. கம்பெனியில புதுசா ஆரம்பிச்சிருந்த பேர் வெளியில வராத ரிப்போர்ட் முறையில சொல்லிட்டாங்க, யுனைடெட்டும் தன்னோட பைலட்டுங்க எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பிடுச்சு. ஆனா டிடபிள்யூஏ பைலட்டுங்களுக்கு அது போய்ச் சேரல, அதுக்குன்னு ஒரு வழியே அப்போ கிடையாது.

அதுக்கப்புறம்தான் 1976ல ஏஎஸ்ஆர்எஸ்ங்குற பொதுவான ரிப்போர்ட் முறை வந்துச்சு, யார் வேணா ரிப்போர்ட் போடலாம், நடத்துறது நாசா, தண்டனை குடுக்குற எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க அரசோட விமானத் துறை, கையில பேர் போகாது.

இப்ப எஸ்எம்எஸ்க்கு வருவோம். போன்ல அனுப்புறது இல்ல, சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம், விபத்து நடக்குறதுக்கு முன்னாடியே ஆபத்தைத் தேடிச் சரிபண்ற முறை. ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இதுக்குன்னே அனெக்ஸ் 19னு தன்னோட விதிகள்ல தனிப் பகுதி போட்டு 2013 நவம்பர்ல இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துச்சு. ஏர்லைன், ஏர்போர்ட், ஏர் டிராஃபிக் கண்ட்ரோல், மெயின்டனன்ஸ் கம்பெனி, ஃப்ளையிங் ஸ்கூல், விமானம் செய்யுறவங்கன்னு பெரிய பட்டியலே இதுக்குள்ள வருது. நாலு தூண், பன்னெண்டு அம்சம்னு கோர்ஸ்ல மனப்பாடம் பண்ண வைப்பாங்க: பாலிசி, ரிஸ்க் மேனேஜ்மென்ட், அஷ்யூரன்ஸ், ப்ரமோஷன். பேரு பெருசா இருந்தாலும் அடியில ஓடுறது ஒண்ணுதான், பார்த்தவன் சொல்லணும், சொன்னதை ஒருத்தர் எடை போடணும், முடிவு எடுக்குற அதிகாரம் உள்ளவர் கைக்கு அது போகணும், மாத்துனது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு திரும்பிப் பார்க்கணும்.

[காட்சி: ராத்திரி ஏப்ரன், பின்னாடி வர்ற கேட்டரிங் வண்டி]

ஒரு உதாரணம் பார்ப்போம். ராத்திரி ரெண்டு மணி, மழை தூறுது. ஏப்ரன்ல, அதாவது விமானங்களை நிறுத்தி ஏத்தி இறக்குற இடத்துல, நிக்கிற விமானத்துக்கிட்ட கேட்டரிங் வண்டி ரிவர்ஸ்ல வருது, பின்னாடி நின்னு கை காட்ட வேண்டிய ஆள் இல்ல, ஏன்னா ஷிஃப்ட்ல ஒருத்தர் குறைச்சல், தரையில கோடு அழிஞ்சு போயிருக்கு. இங்க ஹசார்ட், அதாவது ஆபத்தை உண்டாக்குற நிலைமை, எது? வண்டி விமானத்துல இடிக்கிறதுன்னு நிறைய பேர் எழுதுவாங்க. அது விளைவு. கை காட்ட ஆள் இல்லாததும் அழிஞ்ச கோடும்தான் ஹசார்ட். இந்த வித்தியாசம் புரியலன்னா "டிரைவர் கவனமா ஓட்டணும்"னு சர்க்குலர் அனுப்பிட்டு ஃபைலை மூடிடுவோம், கோடு அழிஞ்சபடியே கிடக்கும்.

அப்புறம் ரிஸ்க். எவ்வளவு அடிக்கடி நடக்கலாம்னு 1ல இருந்து 5 வரைக்கும், நடந்தா எவ்வளவு மோசம்னு ஏ-ல இருந்து ஈ வரைக்கும். ஐகாவோ மாதிரிக்குக் குடுத்த டேபிள்ல 1ஏ-வைப் பாருங்க, நடக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு அபூர்வம், ஆனா நடந்தா பேரழிவு, அது அப்படியே விட்டுடலாம்ங்குற பச்சைக் கட்டத்துல வராது, கவனிச்சுக்கிட்டே இருக்கணும்ங்குற மஞ்சள்லதான் இருக்கும். "இதுவரைக்கும் நடந்ததில்லையே சார்"ங்குற பேச்சுக்கு அந்த ஒரு கட்டமே பதில்.

சரி, அந்த டிரைவர் நிஜமாவே விமானத்தை உரசிட்டார்னு வைங்க. சொல்வாரா? 2005 டிசம்பர் 26, சியாட்டில்ல கிரவுண்ட் ஸ்டாஃப் ஒருத்தர் அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்டி-83 மேல வண்டியை உரசிட்டு அப்போ யார்கிட்டயும் சொல்லல. விமானம் கிளம்பி 26,000 அடிக்கிட்ட போனதும் அந்த இடம் கிழிஞ்சு ஓட்டை விழுந்து கேபின் பிரஷர் போயிடுச்சு, ஆக்சிஜன் மாஸ்க் தொங்குச்சு, பைலட்டுங்க திருப்பிக் கொண்டுவந்து பத்திரமா இறக்கினாங்க. இப்ப வர்ற காம்போசிட் பாடி (உலோகத்துக்குப் பதிலா நாரும் பிசினும் சேர்த்துச் செஞ்ச உடம்பு) விமானத்துல இடிச்ச தடம் வெளியில கண்ணுக்கே தெரியாமக்கூட போகலாம், அதனால இடிச்சவர் வாயைத் திறக்கிறதுதான் நமக்குக் கிடைக்கிற முதல் தகவல். ஜஸ்ட் கல்ச்சர்னு சொல்றது இதுக்குத்தான். தெரியாம நடந்த தப்பைச் சொன்னவரைத் தண்டிக்கக்கூடாது, அதுக்காக குடிச்சிட்டு ஓட்டினவரையும் விட்டுடணும்னு அர்த்தம் இல்ல, எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடவடிக்கைன்னு முன்கூட்டியே எழுதி எல்லார்கிட்டயும் சொல்லிடணும்.

நடத்துறவங்களுக்கு ரெண்டு விஷயம். அக்கவுன்டபிள் எக்ஸிக்யூட்டிவ்னு ஒருத்தர் இருக்கணும், பணம் ஒதுக்குற அதிகாரம் உள்ளவரா இருக்கணும். சேஃப்டி மேனேஜர் எவ்வளவு நல்லா எழுதினாலும் பெயின்ட் வாங்கவும் ஆள் போடவும் கையெழுத்துப் போடுறவர் அவர்தான், அந்தப் பொறுப்பை கீழ தள்ளிவிட முடியாது. இன்னொண்ணு மாற்றம் வரும்போது பார்க்குறது. புது ரூட், புது வண்டி, விமானம் வந்து திரும்பக் கிளம்புற டர்ன்அரவுண்ட் நேரத்துல பத்து நிமிஷம் குறைப்பு, எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஹசார்ட் தேடணும். நம்ம கேட்டரிங் வண்டிக்குப் பின்னாடி ஆள் இல்லாமப் போனதும் ஷிஃப்ட்ல ஆளைக் குறைச்ச அன்னைக்குத்தான்.

சின்ன ஃப்ளையிங் ஸ்கூலா இருந்தா பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம், ஒரு நோட்டும் வாரம் ஒரு மீட்டிங்கும் போதும், ஆனா ரிப்போர்ட் போட்டவருக்கு பதில் போகணும். நீங்க ஒரு இடத்துக்கு சேஃப்டி வேலைக்குப் போறீங்கன்னா மேனுவலைத் திறக்கிறதுக்கு முன்னாடி போன மாசம் எத்தனை ரிப்போர்ட் வந்துச்சுன்னு கேளுங்க. பூஜ்யம்னு பெருமையா சொன்னாங்கன்னா அன்னைக்கு ராத்திரியே ஏப்ரனுக்குப் போய் லோடர் பசங்களோட டீ குடிச்சுக்கிட்டு ஏன் யாரும் எழுதுறதில்லன்னு கேளுங்க.