டிக்கெட் வாங்கி மேட்ச் பார்த்ததற்குக் கோடிக்கணக்கில் அபராதமா? மிச்சிகன் சைகைத் திருட்டு

வணக்கம் மக்களே! காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள், ஸ்டேடியத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தார்கள். அவ்வளவுதான். இதற்காக 2025 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம் விழுந்தது. எப்படி என்று பார்ப்போம்.

பின்னணி ரொம்ப சுருக்கமாக. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் முன்னேறும் ஆட்டம்) சின்ன விஷயம் இல்லை. மிச்சிகனின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அணிக்கு 11 பேர், ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வரைந்து வைத்த திட்டம்.

சரி, அடுத்த சனிக்கிழமை மோதப்போகும் அணியை எப்படி வேவு பார்ப்பது? வேவே வேண்டாம், எதிரணியே வீடியோவைக் கொடுத்துவிடும்! பழைய ஆட்டங்களின் பதிவை இரண்டு தரப்பும் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்த பதிவு. பயிற்சிக் குழுவினர் ஒவ்வொரு நகர்வையும் நிறுத்தி நிறுத்திக் குறிப்பார்கள்: முன்னேற இன்னும் எத்தனை கஜம் பாக்கி, யார் எங்கே நின்றார்கள், ஓடினார்களா, பந்தை வீசினார்களா. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: மாற்று ஆட்டக்காரர்கள் அந்த வாரம் முழுக்க எதிரணி வேஷம் போடுவார்கள். எதிரணி நட்சத்திரத்தின் நம்பரைக்கூட மாட்டிக்கொள்வது உண்டு.

ஆனால் அந்தப் பதிவில் ஒன்று மட்டும் இருக்காது. கேமரா களத்தைத்தான் பார்க்கும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொப்பியைத் தொட்டு, தோளைத் தட்டி, அடுத்த நகர்வு என்ன என்று சைகை காட்டுகிறவர் அதில் தெரியமாட்டார். அந்தச் சைகை புரிந்துவிட்டால்? பவுலர் ஓடிவரும் முன்பே யார்க்கரா பவுன்சரா என்று பேட்ஸ்மேனுக்குத் தெரிந்த மாதிரி!

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ஆட்டம் நடக்கும்போது எதிரே நிற்பவரின் சைகையை வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது குற்றமே இல்லை. டிவி ஒளிபரப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கலாம். அந்த சீசனில் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பக் கூடாது, அதற்குத்தான் தடை. கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1994இல் போட்ட விதி. காரணம் ஒழுக்கம் என்று நினைத்தீர்களா? செலவு! பணக்கார அணி ஊர் ஊராக ஆள் அனுப்பும், ஏழை அணி என்ன செய்யும் என்ற கவலை.

மிச்சிகன் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ் மாட்டியது இங்கேதான். முன்னாள் மரைன் அதிகாரி. டிக்கெட் வாங்கி ஆட்களை அனுப்பினார். அந்த ஆட்கள் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைப் படம் பிடித்தார்கள். 50க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் என்கிறது விசாரணை. ராணுவத்தில் இருந்தவர், பல டிக்கெட்டுகளைத் தன் சொந்தப் பெயரிலேயே வாங்கியிருக்கிறார்! கறுப்புக் கண்ணாடியுடன், சென்ட்ரல் மிச்சிகன் என்ற வேறொரு பல்கலைக்கழக அணியின் உடுப்பில் அவர்கள் பெஞ்ச் பக்கமே நின்ற படமும் உண்டு. விவகாரம் வெடித்ததும் போனைக் குளத்தில் வீசிவிட்டார். வடிவேலு காமெடிக்குக் குறைவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு 2023இல் மூன்று ஆட்டத் தடை. அதில் முதல் ஆட்டம் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியுடன். மிச்சிகன் என்ன செய்தது தெரியுமா? பந்தை வீசாமல் தொடர்ந்து 32 முறை ஓட்டம்தான். ஓடப்போகிறார்கள் என்று மைதானத்துக்கே தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. 24-15. மூன்றையும் வென்று, கடைசியில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34-13 என்று வீழ்த்தி சாம்பியனும் ஆனார்கள். திருட்டு உதவவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது இல்லாமலே ஜெயிக்கக்கூடிய அணிக்கு இந்த வேலை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும், சைகைக்குப் பதில் பயிற்சியாளர் நேராகப் பேச, ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் குவார்ட்டர்பேக்குகளுக்கு (ஆட்டத்தை நடத்தி, பந்தை வீசுபவர்) இது 1994லேயே கிடைத்தது. கல்லூரியில் களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒருவர் காதில்தான் ஒலிக்கும். அவர் ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி இருக்கும். அடுத்த நகர்வைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும்.

நேரில் போய்ப் பார்க்கத் தடை இனியும் தேவையா? கமெண்டில் சொல்லுங்கள். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள், அதற்கு அபராதம் கிடையாது!