டேஷ்போர்டு பல்பு எல்லாத்தையும் எல்இடி ஆக்குங்க, ஆனா இந்த ஒரு பல்பைத் தொடாதீங்க!

[திரையில்: இருட்டுல ஒரு மீட்டர் போர்டு. சாவியைத் திருப்புறோம். சின்னங்கள் எல்லாம் எரியுது. கேமரா பேட்டரி சின்னத்துக்குப் பக்கத்துல போகுது.]

உங்க வண்டி மீட்டர் போர்டுல ஒரு குட்டி பல்பு இருக்கு. அதைக் கழட்டிட்டு எல்இடி போட்டீங்கன்னா பளிச்னு எரியும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு காலையில வேலைக்குக் கிளம்பும்போது செல்ஃப் அடிச்சா 'டிக்'குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அத்தோட சரி. பேட்டரி காலி. புது பேட்டரி வாங்கிப் போடுவீங்க, அதுவும் காலியாகும். கடைசியில பார்த்தா காரணம் அந்த ஒத்த பல்பு!

அது எந்த பல்பு, ஏன் அப்படி ஆகுது, அதைச் சரிபண்ண என்ன வழி? எல்லாத்தையும் இன்னைக்குப் பார்த்துடலாம்.

வணக்கம் மக்களே! திருவொத்தியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டைன்னு நம்ம வடசென்னைப் பக்கம் பழைய வண்டியை இன்னும் ஆசையா ஓட்டுறவங்க நிறையப் பேர். மாருதி 800, ஆம்னி, ஜீப், புல்லட், லோடு வண்டின்னு எல்லாமே ஓடுது. அவங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "மீட்டர் மங்கலா தெரியுது, எல்இடி போடலாமா?"

போடலாம். தாராளமா போடலாம். சாதா குண்டு பல்பு வாங்குற கரண்ட்ல பெரும்பங்கைச் சூடாத்தான் மாத்துது. அந்தச் சூட்டுல உள்ள இருக்குற வெள்ளை பிளாஸ்டிக் வருஷக்கணக்கா வெந்து பழுப்பாகி, வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் முழுங்கிடும். எல்இடியில அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

சைஸ் விஷயத்தைச் சட்டுனு சொல்லி முடிச்சிடுறேன். கார் மீட்டர்ல பெரும்பாலும் டி5, இல்லன்னா டி10. டி5 சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன், டி10 சுமார் 10. பழைய வண்டிகள்ல திருகி மாட்டுற பித்தளை அடி பல்பும் இருக்கும். பழசைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற புதுப்பேட்டையில காட்டி வாங்குங்க. லாரி, டிரெய்லர் ஓட்டுற அண்ணன்மாரே, உங்க வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பல்பை அதுல சொருகினா உடனே கருகிடும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு.

[திரையில்: கழட்டி வெச்ச ஆல்டர்நேட்டர். ரோட்டரை விரலால சுத்திக் காட்டுறோம்.]

நம்ம மெக்கானிக்குங்க டைனமோன்னு சொல்ற ஆல்டர்நேட்டர் இதுதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறது இதோட வேலை. நடுவுல சுத்துறது ரோட்டர், அது ஒரு மின்காந்தம். அதுக்குள்ள கரண்ட் போனாத்தான் காந்தமாகும். காந்தமாகி சுத்தினாத்தான் வெளியில சுத்தியிருக்குற காயில்ல கரண்ட் உண்டாகும். அப்ப முதல் கரண்டை அதுக்கு யாரு குடுக்குறது?

நம்ம தெரு அடிபம்பு ஞாபகம் இருக்கா? கொஞ்ச நேரம் சும்மா கிடந்தா, எவ்வளவு அடிச்சாலும் காத்துதான் வரும். மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அடிச்சா, 'லபக்'குனு பிடிச்சுக்கிட்டு கொட்டோ கொட்டுனு கொட்டும். அந்த ஒரு சொம்பு தண்ணியைத்தான் இங்க பேட்டரி விளக்கு குடுக்குது!

எனக்கு இந்தச் சர்க்யூட் ரொம்பப் பிடிக்கும், அதனால நிதானமாவே சொல்றேன். சாவியை ஆன் பண்ணதும் பேட்டரியில இருந்து கரண்ட் கிளம்பி, சாவி சுவிட்ச் வழியா, அந்த விளக்கு வழியா, ஆல்டர்நேட்டர் வோல்ட்டை அளவா வெச்சுக்குற ரெகுலேட்டருக்குப் போய், ரோட்டர் காயில்ல சுத்தி, பாடி எர்த்துக்கு இறங்குது. விளக்கு சிவப்பா எரியுறதே அது வழியா கரண்ட் போறதாலதான். ஸ்டார்ட் பண்ணதும் அந்தக் கொஞ்சக் காந்தத்தோட ரோட்டர் சுத்துது, ஆல்டர்நேட்டர் பிடிச்சுக்குது. பிடிச்ச அடுத்த நிமிஷம் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கும்.

சரி, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அந்த விளக்கு அணையுதே, அதை அணைக்கிறது யாரு? யாருமே இல்ல! விளக்கோட ஒரு முனையில பேட்டரியோட 14 வோல்ட். இன்னொரு முனையில ஆல்டர்நேட்டர் உண்டாக்குற 14 வோல்ட். ரெண்டு பக்கமும் சமம்னா நடுவுல கரண்ட் ஓடாது. அதனால தானாவே அணையுது. சுவிட்ச் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. ஒரே ஒரு பல்பு ஆல்டர்நேட்டரை உசுப்பியும் விடுது, சார்ஜ் ஆகலன்னா நமக்குத் தகவலும் சொல்லுது. இதை யோசிச்ச ஆளைக் கையெடுத்துக் கும்பிடணும்.

இப்ப அந்த இடத்துல எல்இடி போட்டா என்ன ஆகும்? 3 வாட் பல்புன்னா 12 வோல்ட்ல 250 மில்லி ஆம்பியர் விடும். சின்ன எல்இடி 20, 30 மில்லி ஆம்பியர்தான் விடும். ஊத்த வேண்டியது ஒரு சொம்பு, நீங்க ஊத்துறது ரெண்டு ஸ்பூன். ஆல்டர்நேட்டர் பிடிக்காது.

ஆனா எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஏன்னா ஆக்சிலரேட்டரை நல்லா மிதிச்சா ரோட்டர் இரும்புல மிச்சம் இருக்குற கொஞ்சக் காந்தத்தை வெச்சே அது பிடிச்சுக்கும். ஸ்டார்ட் பண்ணதும் விர்ர்ருனு முறுக்குறவருக்குப் பிரச்சினையே வராது. ஸ்டார்ட் பண்ணி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால ஐடிலிங்லயே ஊர்ந்து, ஆஃப் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டுறவருக்குத்தான் பேட்டரி படுத்துடும். ஒரே வண்டி, ஒரே பல்பு, ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தருக்கு வராது. இதனாலதான் கண்டுபிடிக்கவே கஷ்டமா இருக்கு.

அந்தக் குண்டு பல்பு சும்மா ஃபியூஸ் போனாலும் இதே கதைதான். அதனால இன்னைக்கே பாருங்க. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். பேட்டரி விளக்கு எரியணும். எரியலன்னா முதல்ல அந்த பல்பை மாத்துங்க, அப்புறம் பேட்டரியைத் திட்டலாம்.

புது வண்டி வெச்சிருக்கவங்க பயப்பட வேண்டாம். இப்ப வர்ற நிறைய வண்டியில ஆல்டர்நேட்டரை எஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. மீட்டர் விளக்குகளும் போர்டுலயே சால்டர் பண்ண எல்இடிதான். அதுல கை வைக்கவே வேணாம்.

அந்த இடத்துலயும் எல்இடிதான் வேணும்னு ஆசைப்பட்டா வழி இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்குற ரிச்சி தெருவுல 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கி, எல்இடிக்குப் பேரலலா, அதாவது எல்இடியோட ரெண்டு முனையிலயும் ரெசிஸ்டரோட ரெண்டு முனையும் சேர்ற மாதிரி போடுங்க. 3 வாட் பல்பு விட்ட அளவு கரண்ட் அது வழியா போயிடும். இது 12 வோல்ட் வண்டிக்கு மட்டும். ரெசிஸ்டர் சூடாகும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீங்க. சில கம்பெனி மீட்டர்கள்லயே இந்த ரெசிஸ்டரை வெச்சு அனுப்புறாங்க. என்னைக் கேட்டா, அந்த ஒரு இடத்துல குண்டு பல்பை விட்டுடுங்க. எப்பவாவது எரியுற விளக்கு, அதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?

புல்லட் பிரியருங்க, உங்களுக்கு ஒண்ணு! 1955ல இருந்து நம்ம மெட்ராஸ்ல தயாரான வண்டி, திருவொத்தியூர்ல பிறந்த வண்டி. பழைய புல்லட்ல சார்ஜ் விளக்குக்குப் பதிலா ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள்ளு பிளஸ் பக்கம் சாஞ்சா சார்ஜ் ஏறுது, மைனஸ் பக்கம் சாஞ்சா இறங்குது. இந்த வீடியோவுல சொன்ன தலைவலி எதுவும் அதுக்கு இல்ல. அழகான மீட்டர் அது, தயவுசெஞ்சு கழட்டிடாதீங்க.

ஆனா பைக்குக்கு வேற ஒரு சிக்கல் இருக்கு. இன்டிகேட்டருக்கு மீட்டர்ல இடம் வலம்னு தனித்தனியா இல்லாம ஒரே விளக்கு இருக்கா? அந்த பல்புக்கு எர்த்தே கிடையாது. ஒரு முனை இடது பக்கம், இன்னொரு முனை வலது பக்கம். இடது போட்டா, கரண்ட் இந்த விளக்கு வழியா வந்து வலது பக்க பல்பு வழியா எர்த்துக்குப் போகும். எல்இடி ஒரு வழிப் பாதை, அதனால ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் மினுக்கும். இன்னொரு கூத்து, மீட்டர்ல குண்டு பல்பை விட்டுட்டு வெளியில நாலு இன்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினா, ஒரு பக்கம் போட்டாலும் நாலும் சேர்ந்து மினுக்கும்! கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற 1என்4007 டயோடு ரெண்டு வெச்சு, ரெண்டு பக்கத்துலயும் இருந்து பிளஸ் எடுத்து, விளக்கோட இன்னொரு முனையை எர்த் பண்ணா ரெண்டு பிரச்சினையும் தீரும்.

[திரையில்: மீட்டர் போர்டோட பின்பக்கம், ரொம்பக் கிட்டத்துல.]

இந்தக் காட்சியைப் பாருங்க. வளையுற பிளாஸ்டிக் தாள்ல செம்புக் கோடு ஒட்டியிருக்கு. கோடு மேல பச்சையா மாவு பூத்திருக்கே, அது நம்ம கடல் காத்து பண்ண வேலை. காசிமேடு, எண்ணூர் பக்கம் வெளியில நிக்குற வண்டியில இது சகஜம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, செம்புக் கோடே கிழிஞ்சுடும். பள்ளிக்கூடப் பசங்க பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க, பளபளன்னு வந்துடும். ஹோல்டர்ல இருக்குற பித்தளை நாக்கு படுத்திருந்தா ஊசி முனையால கொஞ்சம் தூக்கி விடுங்க. பாதிப் பேருக்கு இதைப் பண்ணதுமே பழைய பல்பே நல்லா எரிய ஆரம்பிச்சுடும்.

மாட்டுறது சுலபம். முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. பழைய மாருதியில மீட்டர் பின்னால ஸ்பீடோ கேபிள் இருக்கும், இழுக்காம கிளிப்பை அமுக்கிக் கழட்டணும். எல்இடி எரியலன்னா பல்பு போச்சுன்னு நினைக்காதீங்க, திருப்பிச் சொருகுங்க. முன்னால மட்டும் வெளிச்சம் அடிக்குற பல்பை வாங்கினா மீட்டர்ல நடுவுல ஒரு பொட்டு பளிச்னும் ஓரம் இருட்டாவும் இருக்கும். பக்கவாட்டுலயும் எல்இடி சில்லு வெச்ச பல்பா பார்த்து வாங்குங்க. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, திருகுற டிம்மர் இருக்குற பழைய வண்டியில அது சரியா வேலை செய்யாது, ஏன்னா எல்இடி எடுக்குற கரண்ட் அதுக்குப் பத்தாது. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குல கை வைக்காதீங்க.

கடைசியா கலர். இங்க நான் கொஞ்சம் கண்டிப்பா பேசுவேன். நீலம் வேண்டாம்!

1993ல ஜப்பான் விஞ்ஞானி நகாமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டு வந்தாரு. அதுக்காக அவருக்கும் அகாசாகி, அமானோவுக்கும் 2014ல நோபல் பரிசு கிடைச்சது. நீலம் வந்ததாலதான் வெள்ளை எல்இடியே வந்தது. பெரிய சாதனை, மறுக்கல. ஆனா ராத்திரி முகத்துக்கு நேரா நீலம் எரிஞ்சா, இருட்டுக்குப் பழகின கண்ணு கூசிடும். கண்ணு முழுசா இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், கெடுக்க ஒரு நொடி போதும். எக்ஸ்பிரஸ் ரோட்டுல டெயில் லைட் இல்லாம ஓரமா நிக்குற டிரெய்லரை நினைச்சுப் பாருங்க. அது கண்ணுக்குப் படுறதும் படாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இன்னொண்ணு, ஹை பீம் விளக்கு நீலம்தான். மீட்டர் முழுக்க நீலமா இருந்தா அது எரியுறதே தெரியாது. நீங்க ஹை பீம்ல போய்க்கிட்டே இருப்பீங்க, எதிர்ல சைக்கிள்ல வர்ற பெரியவருக்குக் கண்ணு தெரியாது. லேசா மஞ்சள் கலந்த வார்ம் வொயிட் போடுங்க, இல்ல ஆரஞ்சு. மீட்டர் உள்ள பச்சை ஃபில்டர் இருந்தா வார்ம் வொயிட்டோ பச்சையோ போடுங்க. ஆரஞ்சு போட்டா மங்கிடும்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் மல்டிமீட்டரை பேட்டரியில வைங்க. 12 வோல்ட் வண்டின்னா எஞ்சின் ஆஃப்ல 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரைத் தொடாம, ஐடிலிங்லயே பாருங்க, 13.8ல இருந்து 14.4க்குள்ள வரணும். முறுக்கினாத்தான் ஏறுதுன்னா பேட்டரி விளக்கு பல்பைத் திரும்பப் பாருங்க. உங்க வண்டி என்ன, எந்த வருஷத்து மாடல், ஐடிலிங்ல எத்தனை வோல்ட் காட்டுச்சுன்னு கீழ எழுதுங்க, ஒவ்வொண்ணா பார்த்துப் பதில் சொல்றேன். லாரி ஓட்டுற சொந்தக்காரங்க இருந்தா இதை அனுப்பி விடுங்க மக்களே!