எண்ணெய் இருந்ததால்தான் ஜாடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘கிரேக்க ஜாடி பண்பாட்டுச் சின்னமாக நிலைத்தது அழகாலா, பயனாலா?’ என்பது தலைப்பு. அழகு அணியிலிருந்து எனக்கு முன்னால் பேசிய அம்மையார், பண்டைய ஏதென்ஸ் ஓவியர் யூஃப்ரோனியோஸ் ஓவியம் தீட்டிய ஜாடியை எடுத்துக்காட்டினார். 1972-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அதைச் சுமார் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது, அழகுக்குத்தானே அந்த விலை என்று கேட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

அது விருந்தில் திராட்சை மதுவைத் தண்ணீரோடு கலக்கும் பாத்திரம். ஏறத்தாழ 45 லிட்டர் பிடிக்கும். இத்தாலியில் செர்வெத்தேரி அருகே, அங்கே பண்டைக் காலத்தில் வாழ்ந்த எட்ருஸ்கர் என்ற இனத்தவரின் கல்லறையிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டது என்பதால், 2008-இல் அது இத்தாலிக்கே திரும்பிப் போனது. ஏதென்ஸில் செய்த பாத்திரம் யாருடைய கல்லறைக்குப் போனது? அவருடைய தலைமாட்டில் இருந்ததா, கால்மாட்டிலா? பக்கத்தில் என்னென்ன வைத்தார்கள்? தோண்டியவர்களுக்கு அதெல்லாம் தேவையில்லை. படம் நன்றாக இருக்கிறதா, விலை போகுமா, அவ்வளவுதான். அழகை மட்டும் பார்த்த கண் நமக்குச் செய்த உபகாரம் இது!

அடுத்து, ஏதென்ஸ் நகரம் தன் காவல் தெய்வம் அதீனாவுக்கு எடுத்த பனதெனையா விழாவுக்கு வாருங்கள். விளையாட்டுப் போட்டியில் வென்றவனுக்கு ஆலிவ் எண்ணெய்தான் பரிசு, ஜாடி ஜாடியாக. ஒவ்வொன்றிலும் 35 லிட்டருக்கு மேல். ஒரு பக்கம் ஈட்டி ஓங்கிய அதீனா தேவி, மறுபக்கம் அவன் வென்ற போட்டி. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியப் பாணி தலைகீழானது. செம்மண் நிறத்தில் கறுப்பு உருவம் வரைந்த காலம் போய், கறுப்புப் பின்னணியில் செம்மண் நிற உருவம் வந்தது. ஊரே புதுப் பாணிக்கு மாறியது. பரிசு ஜாடி மட்டும் அசையவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தும் அதே கறுப்பு உருவம். பார்த்த மாத்திரத்தில் ‘இது நகரம் கொடுத்த எண்ணெய்’ என்று தெரிய வேண்டாமா? ரசனைதான் ஜாடியை ஆட்டிவைத்தது என்றால், பழைய பாணியை அன்றைக்கே கைகழுவியிருப்பார்கள்.

எதிரணி அடுத்து எதைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதும் எனக்குத் தெரியும்: வெள்ளைப் பூச்சு லெகிதோஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் இறந்தவருக்கு எண்ணெய் படைத்த ஒல்லியான குப்பி. வெள்ளைப் பரப்பில் ஒரு கல்லறை, கூடை ஏந்தி நிற்கும் ஒரு பெண். எளிதில் உதிர்ந்துவிடும் வண்ணம். அன்றாடம் புழங்க ஆகாது. இன்னொன்றும் உண்டு. சிலவற்றில் கழுத்துக்குக் கீழே, உட்புறமாக, சின்னக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். வாய்வரை எண்ணெய் நிற்கும். வயிறு முழுக்கக் காலி! சூளையில் உள்காற்று வெளியேற உடம்பில் ஒரு துளை வேறு.

“பார்த்தீர்களா, எல்லாம் வெறும் தோற்றம்” என்பார்கள். எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் ஐயா! கருமித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் படம்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எண்ணெய் எதற்கு என்று அந்த வீட்டார் விட்டுவிடவில்லையே! துளியாவது ஊற்றித்தான் படைத்தார்கள். அழகே போதும் என்றால், குயவன் மெனக்கெட்டு அந்தக் கிண்ணத்தை ஏன் உள்ளே பொருத்தினான்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்; மற்றதை நடுவர் பார்த்துக்கொள்வார்.