காலடியில் ஒரு மாட்டெலும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டுக்கால் சூப் வைக்கிற வீடுகளில் இந்த எலும்பை எல்லோருக்கும் தெரியும். முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, சதைப்பற்றே இல்லாமல் நேராக இருக்குமே, அதுதான். அதையே மாட்டிலோ குதிரையிலோ எடுத்தால், கிட்டத்தட்ட நம் பாதத்தின் நீளம் வரும். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய வைக்கிங் கடலோடிகளின் காலத்திலும் அதற்குப் பின்னும், வட ஐரோப்பாவில் உறைந்த ஏரிகளையும் ஆறுகளையும் மக்கள் கடந்தது இந்த எலும்பின் மேல் ஏறி நின்றுதான்.

செய்வது சுலபம். அடிப்பக்கத்தைத் தட்டையாகச் செதுக்கி, விரல் பக்கத்து முனையைச் சற்று மேல்நோக்கிச் சீவிவிடுவார்கள், பனியில் இடறாது. முன்னால் குறுக்கே ஒரு துளை போட்டு, தோல்வாரால் காலோடு கட்டுவார்கள். சில எலும்புகளில் துளையே கிடையாது. சும்மா ஏறி நின்றால் போதும், காலைத்தான் தூக்கப் போவதில்லையே!

ஆமாம், தூக்குவதில்லை. டிவியில் பார்க்கும் ஸ்கேட்டிங்கில் ஒரு காலால் உந்தி மறு காலில் வழுக்கிப் போவார்கள். அதற்கு இரும்புத் தகட்டின் கூர்விளிம்பு வேண்டும். எலும்புக்கு விளிம்பு ஏது? உந்தினால் பக்கவாட்டில் வழுக்கிவிடும். ஆகவே இரண்டு பாதங்களையும் நேராக வைத்துக்கொண்டு, இரும்பு முனை வைத்த கழியை ஐஸில் குத்தித் தள்ள வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் தோணிக்காரர் கழி ஊன்றுகிற மாதிரி. வேலை முழுக்கக் கைக்கும் தோளுக்கும்தான்.

லண்டனில் இது விளையாட்டாகவே நடந்தது. 1170களில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்: நகர மதிலுக்கு வடக்கே சதுப்பு நிலம் உறைந்ததும், வாலிபர்கள் எலும்பைக் காலில் கட்டிக்கொண்டு பறவை போல, எய்த அம்பு போலப் பாய்கிறார்களாம். அம்பு என்பது கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் இருவர் எதிரெதிரே வந்து கழியால் மோதிக்கொள்வார்கள். கை முறியும், கால் முறியும். இளவட்டம் எங்கேயும் இளவட்டம்தான்.

பயணத்துக்கு வருவோம். ஃபெதரிகோ ஃபார்மென்டி, அல்பெர்டோ மினெட்டி என்ற இரு ஆய்வாளர்கள், இந்த வழக்கம் தென் பின்லாந்தில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். ஊரெல்லாம் ஏரி, சுற்றி நடப்பதைவிட ஐஸின் குறுக்கே வழுக்கிப் போனால் உடம்பின் சக்தி மிச்சம். எனக்கு நியாயமாகவே படுகிறது. குளிர்காலத்தில் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு கவளமும் கணக்குத்தானே.

அகழாய்வில் பளபளப்பான எலும்பு கிடைத்தால், அது ஸ்கேட்டா, தோலைத் தேய்க்கும் கருவியா என்று குழப்பம் வரும். அடிப்பக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மெல்லிய கீறல்கள் நீளவாக்கில் ஓடினால், அது ஐஸில் ஓடியது.

நெதர்லாந்தில் இரும்புத் தகடு வந்த பிறகும் எலும்பு ஒழியவில்லை. ஐஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. காரணம் சாதாரணம். குளிர்காலத் தீவனம் போதாது என்று இலையுதிர்காலக் கடைசியில் மாடுகளை வெட்டிவிடுவார்கள். எலும்பு குவியும். சில வாரத்தில் ஏரியும் உறைந்துவிடும்.